பூ வாசத்துக்கு எந்தப் பாம்பும் வரவில்லை

ஊர் வாட்ஸ்அப் குழுவில் ஓடிய அந்த வீடியோவை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். எங்கள் கொல்லைச் சுவரோரம் சாரையை அடித்து, கழியில் தொங்கவிட்டு, பின்னணிக்குப் பாட்டும் போட்டிருந்தார்களே, அதேதான். அதைக்கூட பேசாமல் கடந்து போயிருப்பேன். கீழே ஒருவர் எழுதினார்: "அந்த அக்கா கொல்லைல காடு வளர்த்தா பாம்பு வராம என்ன செய்யும், மல்லிகை வாசத்துக்கே வருமே." ஊரில் பாதிப் பேர் அதற்குக் கட்டைவிரலைத் தூக்கியிருக்கிறார்கள்.

சரி, சொல்லிவிடுகிறேன். பாம்பு பூவுக்கு வராது. மல்லிகைக்கும் வராது, மனோரஞ்சிதத்துக்கும் வராது, தாழம்பூவுக்கும் வராது. தாழம்புதரில் பாம்பு இருக்கும் என்று பாட்டிகள் சொன்னது பொய்யில்லை. ஆற்றங்கரைப் புதரில் முள் இருக்கும், நிழல் இருக்கும், ஈரம் இருக்கும், உள்ளே தவளையும் எலியும் இருக்கும். பாம்புக்கு வேறென்ன வேண்டும்? வாசனை நமக்கு, எலி அதற்கு.

இந்த ஆனி மாதத்தில் ஏன் அதிகம் கண்ணில் படுகிறது என்று விவசாயம் பார்த்த வீட்டுப் பிள்ளைகளுக்கு நான் சொல்லித்தர வேண்டியிருக்கிறது. கோடை முழுக்க வயல் வெடித்துக் கிடக்கும். வெடிப்பிலும் வரப்பு வளையிலும் எலி குடியிருக்கும். மேட்டூர் திறந்து, வாய்க்காலில் தண்ணீர் வந்து, குறுவைக்குப் பாய்ச்சியதும் எலி மேட்டைத் தேடி வரும். மேடு என்றால் நம் வீடுகள்தான். எலிக்குப் பின்னாலேயே சாரை. விஷமில்லாத சாரை. நாம் என்ன செய்கிறோம்? எலிக்கு இவ்வளவு என்று கூலி பேசி வயலில் கிட்டி வைக்கச் சொல்கிறோம். கூலியே கேட்காமல் பிடிக்கிற ஒன்றை அடித்துத் தொங்கவிடுகிறோம். நல்ல கணக்கு.

எங்கள் சுவரோரம் யார் வீட்டுப் பழைய சோறும் கறிக்கழிவும் வந்து விழுகிறது என்று இங்கே எழுதவில்லை. எழுதினால் அதற்கும் ஒரு வீடியோ வரும்.

இந்தத் "காடு" எப்படி வந்தது என்று புதிதாக வந்தவர்களுக்குத் தெரியாது. 2018 நவம்பரில் கஜா அடித்தபோது எங்கள் கொல்லையில் தென்னையும் மாவும் வேரோடு சாய்ந்தன. விடிந்து கதவைத் திறந்தால் வெறும் வெளிச்சம், கண் கூசியது. மன்னார்குடிப் பக்கம் எந்தக் கொல்லையில் அன்றைக்கு மரம் மிஞ்சியது? மாமியார்தான் சொன்னார்: "தென்னை வர்றப்ப வரட்டும். நீ முதல்ல பூவை வை, வெறும் மண்ணைப் பார்த்துக்கிட்டு என்னால உக்கார முடியலை." அவர் கையால் நட்ட நந்தியாவட்டை இன்னும் நிற்கிறது. அவர் இல்லை.

அந்த நந்தியாவட்டையில் இப்போது விரல் தண்டிக்குப் பச்சைப் புழு இருக்கிறது. தொட்டால் தலையை உள்ளே இழுத்துக்கொண்டு, நீலக் கண் மாதிரி இரண்டு பொட்டைக் காட்டி மிரட்டும். பெரிய அந்துப்பூச்சியாகிப் பறக்கப் போகிற புழு. மல்லிகை முடியும் தறுவாயில் இருக்கிறது, வேலியில் சங்குப்பூ, சாயங்காலமானால் அந்திமந்தாரை. சுவர் மேல் செம்போத்து நடந்து வரும், வீட்டுப் பத்திரம் தன் பெயரில் இருப்பதுபோல. நத்தை, பல்லி, குட்டிப் பாம்பு எல்லாம் தின்னும். இதுதான் ஐயா, நீங்கள் சொல்லும் காடு.

இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. முன்பொரு கோடையில் இதே கொல்லையில் இரண்டு பாம்புகள் பின்னிக்கொண்டு எழும்பி நின்றன. சாரையும் நாகமும் சேருகின்றன என்று தெருவே திரண்டு வந்தது. வெள்ளைத் துணி வந்தது, கற்பூரம் வந்தது. அது சேர்க்கையே இல்லை. இரண்டும் ஆண் சாரை, பெண்ணுக்காகப் பலம் பார்க்கிற மல்லுக்கட்டு. நாகம் அந்தப் பக்கமே இல்லை. சொன்னேன், யாரும் கேட்கவில்லை, போகட்டும். அன்றைக்குத் துணி விரித்துக் கும்பிட்ட வீட்டுப் பிள்ளைகள்தான் இன்றைக்குக் கழியோடு நிற்கிறார்கள். கும்பிடவும் வேண்டாம், அடிக்கவும் வேண்டாம். சும்மா விட்டால் போதாதா?

"பிள்ளைகள் விளையாடும் இடம் அக்கா, கடித்துவிட்டால்?" என்பீர்கள். நியாயமான கேள்விதான். கட்டுவிரியனுக்கு எனக்கும் பயம் உண்டு. ராத்திரியில் வரும், தரையில் படுத்தவரைக் கடிக்கும், கடித்த இடம் வலிக்கக்கூட வலிக்காது. அதனால்தான் எங்கள் வீட்டில் கட்டில், கொசுவலை, வெளியே போனால் டார்ச். அது ஒளிவது செங்கல் அடுக்கிலும் விறகுக் குவியலிலும் எலி வளையிலும். வீடு கட்டி முடித்தும் எடுக்காத செங்கல் யார் வாசலில் கிடக்கிறது என்று பாருங்கள். பாம்பு வந்தால் 101-க்கு அடியுங்கள், தீயணைப்பு நிலையத்திலிருந்து வந்து பிடிப்பார்கள். கடித்துவிட்டால் கட்டுப் போடாமல், கீறாமல், வேப்பிலைக்காரரைத் தேடாமல் நேரே அரசு மருத்துவமனை. செம்பருத்தியை வெட்டினால் இதில் எது சரியாகும்?

"உனக்கு வேற வேலை இல்லை" என்பவர்களுக்கு: ஆமாம், இல்லை.

"பாம்பைக் கண்டால் அடிக்கத்தான் செய்வார்கள்" என்பவர்களுக்கு: 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் சாரையும் வருகிறது. குற்றத்தைச் செய்து, அதற்குச் சாட்சியையும் நீங்களே பாட்டுப் போட்டு அனுப்பியிருக்கிறீர்கள். நான் புகார் கொடுக்கப் போவதில்லை. இதே தெருவில்தான் இருக்க வேண்டும்.

ஆனால் ஒன்று வலிக்கிறது. வெள்ளிக்கிழமையானால் "அக்கா, கொஞ்சம் பூ" என்று இந்தக் காட்டுக்குத்தான் வருகிறீர்கள். ஆடி வரப்போகிறது, அம்மனுக்கு மாலை என்றால் இன்னும் வருவீர்கள். பூவைப் பறிக்கும்போது கொல்லை, பாம்பைப் பார்த்தால் காடா? தெருவில் எல்லாக் கொல்லையிலும் வரிசையாகக் கல் பாவியாகிவிட்டது. மழைத்தண்ணீர் மண்ணில் இறங்க இடமில்லை. பிறகு போர் வற்றியது, குருவியைக் காணோம் என்று நீங்களே ஸ்டேட்டஸ் வைக்கிறீர்கள். இத்தனையும் பார்த்துவிட்டு நேற்று சாப்பிடும்போது எங்கள் வீட்டுக்காரரே கேட்கிறார், "பேசாம வெட்டிடலாமா?" என்று. ஊர் சொன்னதுகூட எனக்கு அப்படி உறைக்கவில்லை. பாதிச் சோற்றில் எழுந்து வந்துவிட்டேன்.

அப்புறம், ஜேசிபிக்காரர் எண்ணை உள்பெட்டியில் அனுப்பிய தம்பிக்கு: அழித்துவிட்டேன். தொழு எரு கொண்டுவருகிற டிராக்டர்காரர் எண் இருந்தால் அனுப்பு. மழைக்கு முன் கனகாம்பரத்துக்குப் போட வேண்டும்.