கற்குற்றியின் பலம் வேறு, பாறையின் பலம் வேறு

சுண்ணாம்புக்கல் மாதிரி ஆய்வுகூட அமுக்கத்தை நன்றாகத் தாங்கியது, ஆகவே அத்திவாரத்துக்குப் பயமில்லை என்கிறது ஒரு கட்டுரை. அது பிளவில்லாத துண்டின் பலம் மட்டுமே. துளைத்தெடுத்த கற்குற்றிகளை அடுக்கிய பெட்டியில் முழுசாக இருக்கிற துண்டைப் பொறுக்கித்தானே ஆய்வுக்கு அனுப்புகிறார்கள்!

பாரம் மேலிருந்து இறங்கும்போது கிடையான மூட்டு (பாறையில் இயற்கையாக உள்ள பிளவு) அவ்வளவு கெடுதல் செய்யாது. உராய்வுக் கோணம், அதாவது மூட்டு முகங்கள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கத் தொடங்கும் சரிவு, 30 பாகை என்றால், கிடையிலிருந்து 60 பாகை அளவில் சரிந்த மூட்டுத்தான் மோசம். கல் நொருங்க முன்னமே அந்தத் தளத்தில் வழுக்கிவிடும்.

யாழ்ப்பாணத்தில் மழைநீர் மூட்டு வழியே இறங்கிக் கல்லைக் கரைத்து அகட்டிவிடுகிறது. கீரிமலை ஊற்றும் நிலாவரைக் கிணறும் அப்படிக் கரைந்ததன் விளைவுதான். அகண்ட இடத்தில் செம்மண் களி நிறையும். களிப்படை மூட்டு முகங்களின் மேடுபள்ளத்தைவிடத் தடித்தால் கல்லோடு கல் முட்டாது, தாங்குவது களிதான். மாரியில் நனைந்தால் சொல்லவே வேண்டாம்.

ஆர்.கியூ.டி. (RQD) என்ற பாறைத்தரச் சுட்டெண்ணைக் கேட்டு வாங்குங்கள்: 150 சதமமீற்றர் துளையில், 10 சதமமீற்றருக்குக் குறையாத குற்றிகளின் மொத்த நீளம் 90 என்றால் 60 வீதம். துளைகருவி முறித்த இடத்தை மூட்டாக எண்ணக்கூடாது. அந்த முறிவு புதிதாய்ப் பளிச்சென்று இருக்கும். இயற்கை மூட்டில் பெரும்பாலும் செங்கறை படிந்திருக்கும். செங்குத்து மூட்டு செங்குத்துத் துளையில் அகப்படாமல் போகலாம், ஒன்றையாவது சரித்துத் துளையுங்கள். சதுர அத்திவாரமென்றால் அதன் அகலத்தின் இரண்டு மடங்கு ஆழம்வரை பார்க்கவேண்டும். அங்கே பார அழுத்தம் பத்திலொரு பங்காகிவிடும்.