ருவாண்டா விமானத்தை நிறுத்தியது ஐரோப்பிய ஒன்றியமா?

“பிரெக்ஸிட்டுக்குப் பிறகும் பிரிட்டனின் ருவாண்டா விமானத்தை ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் தடுத்துவிட்டது” என்று ஒரு பதிவு சுற்றுகிறது. இது தவறு. புகலிடம் கேட்டு வந்தவர்களை ருவாண்டாவுக்கு அனுப்பும் பிரிட்டனின் திட்டத்துக்கான விமானம் அது.

2022 ஜூன் 14 இரவு, பாஸ்கம் டவுன் ராணுவத் தளத்தில் விமானம் தயாராக நின்றது. ஸ்ட்ராஸ்பர்க்கிலுள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் ஓர் இராக்கியரை அனுப்ப இடைக்காலத் தடை விதித்தது. அதைத் தொடர்ந்து மற்றவர்களுக்கும் தடை கிடைக்க, கடைசியில் ஏற்ற ஆளே இல்லை. அந்த நீதிமன்றம், ஐரோப்பிய ஒன்றியத்தைச் சேராத தனி அமைப்பான ஐரோப்பிய கவுன்சிலைச் (Council of Europe) சேர்ந்தது. 1949இல் கவுன்சிலைத் தொடங்கிய நாடுகளில் பிரிட்டனும் ஒன்று. பிரெக்ஸிட்டில் ஒன்றியத்தை விட்டு வெளியேறிய பிறகும் அது கவுன்சிலிலிருந்து விலகவில்லை. ஒன்றியத்தின் நீதிமன்றம் இருப்பது லக்சம்பர்க்கில்.

அப்புறம், முக்கியமானதை அந்தப் பதிவு சொல்லவே இல்லை. 2023 நவம்பர் 15இல் ருவாண்டா திட்டமே சட்டவிரோதம் என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது பிரிட்டனின் சொந்த உச்ச நீதிமன்றம். அகதிகளை ருவாண்டா, அவர்கள் தப்பி வந்த நாட்டுக்கே திருப்பி அனுப்பிவிடும் ஆபத்து உண்டு என்பதே நீதிபதிகள் சொன்ன காரணம்.