கிழக்கு பார்த்த மனை

(தரகர் தங்கராசுவின் அலுவலகம். மேசை மேல் ஒரு நீல உருண்டையின் படம். வீட்டுமனை தேடி வந்த சபாபதி அதையே பார்க்கிறார்.)

தங்கராசு: கண் சரியான இடத்துக்குத்தான் போயிருக்கிறது சார். எச்.டி. 189733, உட்பிரிவு பி. 2005-ல் கண்டுபிடித்த கோள், புது ஏரியா.

சபாபதி: உட்பிரிவு ஏ என்ன ஆச்சு?

தங்கராசு: அது நட்சத்திரம் சார். தாய்ப்பத்திரமே அதன் பேரில்தான். இடம் குறுநரி விண்மீன் கூட்டத்தில். தினமும் நரி முகத்தில் விழிக்கலாம்.

சபாபதி: பஸ் ஸ்டாண்டிலிருந்து எவ்வளவு தூரம்?

தங்கராசு: கூப்பிடு தூரம்தான். என்ன, ரேடியோவில் கூப்பிட்டால் போய்ச் சேர 64 வருஷம் ஆகும்.

சபாபதி: நீலமாக இருக்கிறதே, கடலா?

தங்கராசு: ஹப்பிள் தொலைநோக்கியே 2013-ல் நீலம் என்று சொல்லிவிட்டது.

சபாபதி: கடலா என்று கேட்டேன்.

தங்கராசு: காற்றில் சிலிக்கேட் துகள் மிதக்கிறதாம் சார். நீல ஒளியைச் சிதறடிப்பது அதுதான் என்கிறார்கள். அதுவே கண்ணாடி மழையாகவும் பெய்யுமாம். ஆனால் கூரை ஒழுகாது. மழை பக்கவாட்டில்தான் வரும். காற்று மணிக்கு 8,700 கிலோமீட்டர். இப்படியொரு காற்றோட்டம் எங்கே கிடைக்கும்?

சபாபதி: எனக்கு வாஸ்து முக்கியம்ப்பா. கிழக்கு பார்த்து இருக்கணும்.

தங்கராசு: அங்கே சூரியன் உதிப்பதே இல்லை சார். கோள் ஒரே முகத்தை நட்சத்திரத்துக்குக் காட்டிக்கொண்டு சுற்றுகிறது. ஒரு பக்கம் எப்போதும் பகல், மறுபக்கம் எப்போதும் இரவு. நீங்கள் கைகாட்டியதுதான் கிழக்கு.

சபாபதி: அப்படியென்றால் இரவுப் பக்கமே கொடு. குளுகுளுவென்று இருக்கும்.

தங்கராசு: 650 டிகிரி.

சபாபதி: என்னது!

தங்கராசு: பகல் பக்கம் 930 சார். அந்தச் சூட்டைக் காற்று அள்ளிக்கொண்டு வந்து இங்கே கொட்டுகிறது. 2007-ல் ஸ்பிட்சர் தொலைநோக்கி எடுத்த வெப்ப வரைபடமே கையில் இருக்கிறது. நான் எதையும் மறைப்பதில்லை.

சபாபதி: வேறு வில்லங்கம்?

தங்கராசு: லேசாக ஒரு வாடை. ஹைட்ரஜன் சல்பைடு. 2024-ல் ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி மோப்பம் பிடித்துவிட்டது. அழுகின முட்டை மாதிரி இருக்கும்.

சபாபதி: நாங்கள் சுத்த சைவம்ப்பா!

தங்கராசு: முட்டை கிடையாது சார், வாடை மட்டும்தான்.

சபாபதி: வீட்டு வரி?

தங்கராசு: இங்கே மாதிரியே, அரையாண்டுக்கு ஒருமுறை.

சபாபதி: ஒரு வருஷத்துக்கு எத்தனை நாள்?

தங்கராசு: (குரலைத் தாழ்த்தி) 2.2.

சபாபதி: அப்போ 26 மணி நேரத்துக்கு ஒருதடவை வரி கட்டணுமா?

தங்கராசு: பொங்கல் போனஸும் அதே கணக்கில் வருமே சார், அதை யோசிக்க மாட்டேன் என்கிறீர்களே!

சபாபதி: சரி, எல்லைக்கல் எங்கே நட்டிருக்கிறாய்?

தங்கராசு: நட முடியாது. வியாழன் மாதிரி வாயுக் கோள். தரையே இல்லை.

சபாபதி: தரை இல்லாமல் என்னய்யா மனை?

தங்கராசு: தரை இருந்தால்தானே பக்கத்து வீட்டுக்காரன் அரை அடி தள்ளிச் சுவர் எழுப்புவான்?

(சபாபதி வெகுநேரம் யோசிக்கிறார்.)

சபாபதி: கார்னர் மனை இருக்கா?

தங்கராசு: உருண்டைக்கு ஏது சார் கார்னர்? இருந்தாலும், உங்களுக்காக ஒன்று எடுத்து வைத்திருக்கிறேன்.