பூ கேட்ட பையனை அடிக்காதீங்க

3 வயதுக்குள் பிள்ளைகள் தன்னை ஆண், பெண் என்று சொல்லத் தொடங்கும், உடையை மாற்றினாலும் அது மாறாது என்ற புரிதல் 5 முதல் 7 வயதில்தான் வரும் என்று, பிள்ளைகளின் பாலின உணர்வு பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையில் படித்ததும் என் தங்கை மகன் நினைவுக்கு வந்தான். நாங்கள் அம்பாசமுத்திரம் பக்கம். 4 வயதில், அக்காவுக்குக் கட்டிய கனகாம்பரத்தில் தனக்கும் ஒரு துண்டு வேண்டும் என்று நின்றான். ஆச்சி, "பொட்டப்புள்ள மாதிரி என்னல இது" என்று பிடுங்கிப் போட்டாள். அவன் அழவில்லை. உதிர்ந்த பூவைப் பொறுக்கி டவுசர் பைக்குள் வைத்துக்கொண்டான். அந்தச் சின்னக் கை இன்னும் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது. இப்போது பிளஸ் ஒன், கபடி ஆடுகிறான். ஆடாமல் போயிருந்தாலும் எங்கள் பிள்ளைதான்.

பருவ வயதில், தான் வேறு பாலினம் என்று விடாமல் உணரும் பிள்ளைகளும் உண்டு. அவர்களை மந்திரிக்க இழுத்துப் போவதை எங்கள் தெருவிலேயே பார்த்தேன். 'மாற்றிவிடுகிறேன்' என்கிற சிகிச்சை கூடாது என்று 2021-லேயே சென்னை உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. வீட்டுக்காரர்களுக்குத் தெரியவில்லை.

பள்ளிக்கூடம் பற்றியும் எழுதுங்கள். ஒரு பையனை மற்றவர்கள் 'ஒம்போது' என்று கூப்பிட, வாத்தியாரும் சேர்ந்து சிரித்ததை நேரில் பார்த்தவள் நான்.