எடைக்கணக்கில் மறையும் உயிர்கள்

இறைச்சிக்காக நாய்களை வளர்ப்பதையும் கொல்வதையும் விற்பதையும் தடைசெய்யும் சட்டத்தைத் தென்கொரிய நாடாளுமன்றம் 2024 ஜனவரியில் நிறைவேற்றியது. அந்தத் தொழிலில் இருப்பவர்கள் வேறு வழி தேடிக்கொள்வதற்குக் காலம் கொடுத்து, 2027 முதல் தடையை முழுமையாக நடைமுறைப்படுத்துவது என்று முடிவாகியுள்ளது. நான் அந்தச் சட்டத்தை வரவேற்கிறேன். ஆனால் அதை வரவேற்றவர்களில் பெரும்பாலோர் சொன்ன காரணங்களைப் படித்தபோது, அந்தக் காரணங்கள் நாயோடு நின்றுவிட முடியாதவை என்ற எண்ணம் வலுத்தது. நாய் அறிவுள்ளது, வலியை உணர்வது, அஞ்சுவது, மனிதரோடு உறவு கொள்வது என்றார்கள். இவை அனைத்தும் உண்மையே. பன்றியைப் பற்றியும் இவற்றில் ஒன்றைக்கூட மறுக்க முடியாது. மூக்கினால் ஒரு கைப்பிடியை அசைத்துத் திரையில் உள்ள புள்ளியை இலக்குக்கு நகர்த்தப் பன்றிகள் கற்றுக்கொண்டதை 2021இல் வெளியான ஆய்வொன்று பதிவு செய்திருக்கிறது. அப்படிப்பட்ட விலங்குகளில் நூறு கோடிக்கும் மேற்பட்டவை ஆண்டுதோறும் உணவுக்காகக் கொல்லப்படுகின்றன.

எந்த விலங்கு உணவாகும், எது ஆகாது என்ற எல்லைக்கோடு எவ்வாறு உருவானது என்று பார்த்தால், அதில் அறத்தின் பங்கு மிகக் குறைவாகவே தென்படுகிறது. ஆடுகளும் செம்மறிகளும் மேற்கு ஆசியாவில் ஏறத்தாழ பத்தாயிரம் ஆண்டுகளுக்கு முன்பு மனிதரின் வளர்ப்புக்குள் வந்தன. கூட்டமாக வாழும் இயல்பு, முன்செல்லும் ஒன்றைப் பின்தொடரும் பழக்கம், மனிதர் உண்ணாத புல்லை உண்டு வளரும் திறன், அடைத்து வைத்த நிலையிலும் இனம் பெருக்கும் தன்மை ஆகியவையே அவற்றைத் தகுதியாக்கின. நம்மை எளிதில் நம்பி நம்மிடம் அடங்கிய விலங்குகளே நம் உணவாயின என்று சொன்னால் அது மிகையாகாது. வேட்டைக்கும் காவலுக்கும் உதவிய நாய்க்குப் பல சமூகங்களில் வேறு இடம் கிடைத்தது. குதிரையின் கதை இன்னும் தெளிவானது. 732ஆம் ஆண்டில் போப் மூன்றாம் கிரெகொரி குதிரை இறைச்சி உண்பதைத் தடுக்கும்படி ஜெர்மானியர்களிடையே கிறித்தவ சமயப் பணியாற்றிய போனிபாசுக்கு எழுதினார். பிரான்சில் 1866இல் அதன் விற்பனை சட்டப்படி அனுமதிக்கப்பட்டது. 2013இல் மாட்டிறைச்சி என்று விற்கப்பட்ட பொருள்களில் குதிரை இறைச்சி கலந்திருப்பதை அயர்லாந்தின் உணவுப் பாதுகாப்பு அமைப்பு வெளிப்படுத்தியபோது ஐரோப்பா முழுவதும் கொந்தளிப்பு எழுந்தது. ஏமாற்றப்பட்டோம் என்ற சினத்துக்கு நியாயம் உண்டு. எனினும் அதற்கு அடியில் இருந்த அருவருப்பு, அந்த இறைச்சி குதிரையினுடையது என்பதால் எழுந்ததே தவிர, ஓர் உயிர் கொல்லப்பட்டது என்பதால் எழுந்ததன்று.

இந்தக் கோடு வரலாற்றின் விளைவு என்பதை ஒப்புக்கொண்டவுடன் சிலர் ஒரு முடிவுக்குத் தாவிவிடுகிறார்கள். எல்லா விலங்கும் ஒன்றுதான் என்றால் எதையும் உண்ணலாம், நாய்க்காகக் கண்ணீர் விடுபவர்கள் அனைவரும் போலிகள் என்கிறார்கள். எனக்கு அந்த முடிவு ஏற்புடையதாக இல்லை. நாயோடு வாழ்ந்த மனிதர் அதன் அச்சத்தையும் விளையாட்டையும் வலியையும் அருகிலிருந்து பார்த்திருக்கிறார். அந்த நெருக்கம் அவருக்கு விலங்குகளைப் பற்றிய ஓர் உண்மையைக் கற்றுக்கொடுத்திருக்கிறது. நாம் அருகில் சென்று பார்க்காத ஒரு விலங்கைப் பொறுத்தவரை அந்த உண்மை பொய்யாகிவிடாது. ஆகவே நாயின் மீது உள்ள இரக்கத்தைக் கைவிடுவதைக் காட்டிலும், அந்த இரக்கம் எதைக் கண்டுகொண்டதோ அதை மற்ற விலங்குகளிடமும் தேடுவதே நேர்மையான வழி என்று கருதுகிறேன்.

இதையொட்டி இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பிறருடைய உணவைக் காட்டி அவர்களைக் காட்டுமிராண்டிகள் என்று இகழ்வது இந்த விவாதத்தில் மிக எளிதாக நுழைந்துவிடும் கேடு. தன் தட்டில் உள்ள விலங்கு எப்படி வாழ்ந்தது என்று ஒருநாளும் கேட்காத ஒருவருக்கு, அடுத்தவர் தட்டில் உள்ள விலங்கின் பெயரைக் கேட்டு முகம் சுளிக்கும் உரிமை கிடையாது.

ஆனால் என் மனத்தை அதிகம் அலைக்கழிப்பது எந்த இனம் என்ற கேள்வி அன்று. எத்தனை உயிர்கள், எத்தகைய வாழ்க்கை என்ற கேள்வியே. உலகில் ஆண்டுதோறும் 8,000 கோடிக்கும் அதிகமான நில விலங்குகள் உணவுக்காகக் கொல்லப்படுகின்றன. அவற்றில் 7,000 கோடிக்கும் மேற்பட்டவை கோழிகள். மாடுகளின் எண்ணிக்கை ஏறத்தாழ 30 கோடி. ஒரு மாட்டிலிருந்து ஏறத்தாழ 200 கிலோ இறைச்சி கிடைக்கிறது என்றால், அதே அளவு இறைச்சிக்கு நூற்றுக்கும் மேற்பட்ட கோழிகள் சாக வேண்டும். உடல் சிறிதாகச் சிறிதாகச் சாவின் எண்ணிக்கை பெருகுகிறது. நாமோ இறைச்சியைக் கிலோவில் வாங்குகிறோம், கிலோவில் ஒப்பிடுகிறோம், கிலோவில் விலை பேசுகிறோம். அந்தக் கணக்கில் ஒரு கோழி என்ற தனி உயிருக்கு இடமே இல்லை.

பருவநிலை குறித்த அக்கறையால் மாட்டிறைச்சியைக் குறைத்துக் கோழிக்கு மாறுங்கள் என்று பலரும் அறிவுறுத்துகிறார்கள். அசைபோடும் விலங்குகள் மீத்தேன் வாயுவை வெளியிடுவதும், அவற்றுக்குப் பெரும் நிலப்பரப்பு தேவைப்படுவதும் மறுக்க முடியாத உண்மைகள். ஒரு கிலோ மாட்டிறைச்சியின் கரிமச் சுமை கோழியினுடையதைப் போலப் பல மடங்கு. ஆனால் அந்த அறிவுரையின்படி ஒரு நாடே நடந்தால் அறுபடும் உயிர்களின் எண்ணிக்கை பன்மடங்காகும். அவையும் வளர்ப்பு விலங்குகளிலேயே மிகவும் நெருக்கடியான வாழ்க்கையை வாழ்பவையாக இருக்கும். இது சிறிய பின்விளைவு என்று ஒதுக்கப்படுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

கறிக்கோழியின் உடலையே எடுத்துக்கொள்வோம். 1957ஆம் ஆண்டின் மரபுவழியைப் பேணிவந்த கோழிகளையும் 2005ஆம் ஆண்டின் வணிகக் கோழிகளையும் ஒரே தீவனத்தில் வளர்த்து ஒப்பிட்டார்கள் கனடாவின் அல்பர்ட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள். 56 நாள் முடிவில் முன்னதன் சராசரி எடை 905 கிராம், பின்னதன் எடை 4,202 கிராம். அரை நூற்றாண்டுக்குள் ஒரு பறவையின் உடல் நான்கு மடங்குக்கும் மேல் பெருக்கப்பட்டிருக்கிறது. எலும்பும் இதயமும் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல் தவிக்கின்றன. நடக்க இயலாமை, இதயச் செயலிழப்பு, ஈரமான தரையில் நெடுநேரம் அமர்ந்திருப்பதால் நெஞ்சிலும் காலிலும் புண்கள் ஆகியவை பண்ணையாளர்களும் கால்நடை மருத்துவர்களும் நன்கறிந்த சிக்கல்கள். ஐந்து முதல் ஏழு வாரங்களுக்குள் அவை அறுப்புக்குச் செல்கின்றன. அவற்றைப் பெற்றெடுக்கும் தாய்க்கோழிகளின் நிலை இன்னும் கொடியது; அதே வேக வளர்ச்சி அவற்றின் உடலிலும் இருப்பதால், முட்டையிடும் பருவம்வரை உயிரோடு வைத்திருப்பதற்காகவே அவற்றுக்குத் தீவனத்தைக் கடுமையாகக் கட்டுப்படுத்துகிறார்கள். தீராத பசியோடு வாழ்வதற்கென்றே ஓர் உயிரை உருவாக்கியிருக்கிறோம் என்பதை நினைக்கும்போது எனக்குச் சொல் எழுவதில்லை. அமெரிக்காவில் 1958இல் இயற்றப்பட்ட, அறுப்புக்கு முன் விலங்கை உணர்விழக்கச் செய்ய வேண்டும் என்னும் சட்டம் கோழிகளுக்குப் பொருந்துவதில்லை என்பதையும் இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும். மிக அதிக எண்ணிக்கையில் கொல்லப்படும் நில விலங்குக்கே மிகக் குறைந்த பாதுகாப்பு.

முட்டையிலும் கொலை இருக்கிறது. முட்டைக்கோழி இனத்தில் பிறக்கும் சேவல் குஞ்சு முட்டையும் இடாது, இறைச்சிக்கு ஏற்ற வேகத்தில் வளரவும் செய்யாது. ஆகவே உலகெங்கும் ஆண்டுக்குப் பல நூறு கோடிக் குஞ்சுகள் பிறந்த நாளிலேயே அரைக்கும் இயந்திரத்திலோ நச்சுவளியிலோ கொல்லப்படுகின்றன. ஜெர்மனி 2022 தொடக்கத்தில் இதைத் தடைசெய்தது. பிரான்சும் அதைப் பின்பற்றியது. குஞ்சு பொரிக்கும் முன்பே முட்டைக்குள் பாலினத்தைக் கண்டறியும் தொழில்நுட்பம் அதற்கு உதவியது. பாலுக்காக வளர்க்கப்படும் மாடுகளின் ஆண் கன்றுகளுக்கும் இத்தகைய முடிவே காத்திருக்கிறது. இறைச்சி உண்ணாமல் இருப்பதால் மட்டும் இந்தக் கணக்கிலிருந்து ஒருவர் வெளியேறிவிட முடியாது.

மீனுக்கு வரும்போது எண்ணிக்கையே காணாமல் போய்விடுகிறது. கோழியையும் மாட்டையும் தலைக்கணக்கில் பதிவு செய்யும் உலகப் புள்ளிவிவரங்கள் மீனை டன் கணக்கில் மட்டுமே பதிவு செய்கின்றன. கடலிலும் ஆற்றிலும் பிடிக்கப்படும் மீன்கள் ஆண்டுக்கு ஓர் இலட்சம் கோடியைத் தாண்டும் என்பது அந்த எடையிலிருந்து ஆய்வாளர்கள் கணக்கிட்ட மதிப்பீடு. மீனுக்கு வலி இல்லை என்ற பழைய நம்பிக்கையும் தளர்ந்துவிட்டது. 2003இல் வெளியான ஆய்வில், டிரவுட் மீன்களின் தலையில் வலியை அறியும் நரம்பு முனைகள் இருப்பதை ஸ்காட்லாந்தின் ராஸ்லின் நிறுவன ஆய்வாளர்கள் காட்டினார்கள். உதட்டில் அமிலம் செலுத்தப்பட்ட மீன்கள் உணவைத் தவிர்த்தன, உதட்டைத் தொட்டியின் சரளைக் கற்களில் தேய்த்தன. மார்பின் கொடுக்கப்பட்டபோது அந்த நடத்தைகள் குறைந்தன. வலையில் பிடிபட்ட பெரும்பாலான மீன்கள் மூச்சுத் திணறியோ நசுங்கியோ சாகின்றன. வளர்ப்பு மீன் இதற்கு மாற்று என்றும் சொல்ல இயலாது. சால்மன் போன்ற ஊனுண்ணி மீன்களை வளர்க்க, கடலில் பிடித்த சிறுமீன்களை அரைத்துத் தீவனத்தில் சேர்க்கிறார்கள். ஒரு மீனின் பின்னால் பல மீன்களின் சாவு இருக்கிறது.

விலங்கு என்ற சொல்லுக்குள் அடங்கும் அனைத்துக்கும் ஒரே நிலையை நான் கோரவில்லை. நண்டு, சிங்கி இறால், கணவாய், ஆக்டோபஸ் ஆகியவற்றை உணர்வுள்ள உயிர்களாக பிரிட்டனின் 2022ஆம் ஆண்டுச் சட்டம் ஏற்றுக்கொண்டது. சிங்கி இறாலை உயிரோடு கொதிநீரில் இடுவதை சுவிட்சர்லாந்து 2018இல் தடுத்தது. இவை சரியான அடிகள். மறுபுறம், மூளை என்று சொல்லத்தக்க ஒன்று இல்லாத, இட்ட இடத்தில் ஒட்டிக்கொண்டு நீரை வடிகட்டி வாழும் சிப்பி வகைகளை உண்பதை எதிர்க்க எனக்கு வலுவான காரணம் ஏதும் கிடைக்கவில்லை. துன்புறும் திறனே என் அளவுகோல் என்றால் அதன் விளைவுகளை இரு திசையிலும் ஏற்க வேண்டும்.

எதிர்வாதங்களில் சில விரைவில் தீர்ந்துவிடும். செடிக்கும் உயிர் உண்டு என்கிறார்கள். செடிக்கு நரம்பு மண்டலம் இல்லை. அப்படியே இருந்தாலும், விலங்கைத் தீவனமிட்டு வளர்ப்பதற்கு நேரடியாக உண்பதைவிட அதிகச் செடிகள் தேவைப்படுகின்றன. பயிர் விளையும் நிலத்திலும் எலிகளும் பூச்சிகளும் சாகின்றன என்பது மெய்தான், ஆயினும் தீவனத்துக்கான நிலமும் அதே கணக்கில் சேரும். சிங்கமும் மானைக் கொல்கிறதே என்கிறார்கள். சிங்கத்துக்கு வேறு வழி இல்லை.

வேறு வழி இல்லாத மனிதர்களும் இருக்கிறார்கள். பயிர் விளையாத பனிநிலத்தில் வாழ்பவர்கள், மேய்ச்சலைத் தவிர வேறு எதற்கும் உதவாத வறண்ட நிலத்தின் ஆயர்கள், வேறு சத்துணவு எட்டாத வறிய வீட்டுப் பிள்ளைகள் ஆகியோரை நோக்கி இந்தப் பதிவு எழுதப்படவில்லை. முழுவதும் தாவர உணவுக்கு மாறுபவர்களுக்கு பி12 உயிர்ச்சத்தைத் தனியே எடுத்துக்கொள்ள வேண்டிய தேவை இருப்பதையும் நான் மறைக்க விரும்பவில்லை.

எனக்கு உண்மையாகவே கடினமாகப்படும் வாதம் ஒன்று உண்டு. திறந்த வெளியில் மேய்ந்து, தன் இனத்தோடு கூடி வாழ்ந்து, அச்சமின்றி நொடியில் இறக்கும் விலங்குக்கு நாம் என்ன தீங்கு செய்தோம், நாம் உண்ணாவிட்டால் அது பிறந்தே இருக்காதே என்று கேட்கிறார்கள். வாழ விரும்பும் ஓர் உயிரின் எஞ்சிய நாள்களைப் பறிப்பது தீங்குதான் என்பது என் நம்பிக்கை. ஆயினும் கறிக்கோழியைப் பற்றிப் பேசும் அதே உறுதியோடு இதை என்னால் சொல்ல இயலாது. அதே சமயம், இந்த வாதத்தை முன்வைப்பவர்கள் உண்ணும் இறைச்சியில் பெரும்பகுதி அத்தகைய மேய்ச்சல் நிலத்திலிருந்து வருவதில்லை. நல்வாழ்வு வாழ்ந்த விலங்கைக் காட்டி, நல்வாழ்வே வாழாத விலங்கை உண்பதை நியாயப்படுத்த முடியாது.

ஆகவே இறைச்சியைக் குறைக்க நினைப்பவர்களிடம் நான் வேண்டுவது, சிறிய உயிர்களிலிருந்து தொடங்குங்கள் என்பதே. பண்ணைக் கோழியையும், கூண்டுக்கோழி முட்டையையும், வளர்ப்பு மீனையும் முதலில் விடுங்கள். பருவநிலையை எண்ணி மாட்டிறைச்சியைக் கைவிடுபவர்கள் அந்த இடத்தைப் பருப்பாலும் பயறாலும் நிரப்பட்டும், கோழியால் வேண்டாம். இத்தகைய தனிமனித முடிவுகள் மட்டும் போதா என்பதால் சட்டத்தையும் கேட்க வேண்டியிருக்கிறது. வெறுங்கம்பிக் கூண்டுகளை ஐரோப்பிய ஒன்றியம் 2012இல் தடைசெய்தபோது முட்டைத் தொழில் அழிந்துவிடவில்லை. எல்லாவகைக் கூண்டுகளையும் நீக்கக் கோரி ஏறத்தாழ 14 இலட்சம் குடிமக்கள் கையெழுத்திட்டதை ஏற்று, 2023 இறுதிக்குள் சட்ட முன்மொழிவைக் கொண்டுவருவதாக ஐரோப்பிய ஆணையம் 2021இல் வாக்களித்தது. அந்தக் கெடுவுக்குள் முன்மொழிவு வரவில்லை.