பேசும் முன் மூச்சை அடக்கச் சொல்வது தவறு

'பேசுவதற்கு முன்னால் மூச்சை நன்றாக இழுத்து அடக்குங்கள், தினமும் பிராணாயாமம் செய்பவர் வாயில் கடுஞ்சொல்லே வராது' என்று எழுதியிருக்கிறீர்கள். இரண்டுமே சரியில்லைங்க.

குரல் பிறப்பது மூச்சு வெளியே போகும்போது. நெஞ்சு முட்ட இழுத்து அடக்கினால் குரல்நாண்களுக்குக் கீழே காற்றழுத்தம் ஏறி முதல் சொல்லே வெடித்துக்கொண்டு வரும், தோள் தூக்கிக்கொள்ளும், கழுத்து இறுகும், சாதாரணமாகச் சொன்னாலும் சண்டைக்கு வருகிற மாதிரி கேட்கும். யாராவது சுருக்கென்று ஏதாவது சொல்லிவிட்டால் உள்ளே இருக்கிற காற்றை முதலில் மெதுவாக விடுங்கள், அப்புறம் வயிறு லேசாக விரிகிற அளவுக்கு மட்டும் இழுத்துவிட்டுப் பேசுங்கள். வெளிமூச்சு நீளும்போது இதயத்துடிப்பும் சற்றுத் தணியும். பிராமரி என்ற பிராணாயாமத்தில் உதடு மூடி ம்ம்ம் என்று ரீங்கரிப்பது இப்படி மூச்சை நீட்டிப் பழக நல்ல பயிற்சிதான்.

ஆனால் கடுஞ்சொல் தானாக நின்றுவிடாது. யோக சூத்திரம் எழுதிய பதஞ்சலி சொல்லும் யோகத்தின் எட்டு அங்கங்களில் பிராணாயாமம் நான்காவது. பிறரை வருத்தாமையும் உண்மையும் முதல் அங்கமான யமம் என்ற ஒழுக்க நெறியிலேயே வந்துவிடுகின்றன. மூச்சு நமக்குத் தருவது ஒரு சின்ன இடைவெளி, அதில் எந்தச் சொல்லை எடுப்பது, எதை விழுங்குவது, எதைத் தயங்காமல் சொல்லியே ஆக வேண்டும் என்பதெல்லாம் நாமே பழக வேண்டிய வேலை.

இதய நோயோ இரத்த அழுத்தமோ உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் மூச்சை அடக்கிப் பழகக் கூடாது, அடக்கச் சொல்லும் அந்த வரியையாவது உடனே திருத்திவிடுங்கள்.