கவசம் போட்டவன் கோழையல்ல

தலைக்கவசமும் தோள்கவசமும் மாட்டிக்கொண்டு ஆடுவதால் அமெரிக்கக் கால்பந்து கோழைகளின் ஆட்டம், றக்பிதான் வீரம் என்று நான் படித்த ஒரு கட்டுரை சொல்கிறது. இலங்கை மலையகத்தின் டிக்கோயாவில் பிறந்து, அங்குள்ள தரவளை மைதானத்தின் ஓரத்தில் நின்று றக்பி பார்த்து வளர்ந்தவன் நான். என்னாலேயே இதை ஏற்க முடியவில்லை.

றக்பியில் பந்து வைத்திருப்பவனை மட்டுமே பிடித்து விழுத்தலாம். தோளுக்கு மேலே கை போனால் நடுவர் உடனே விசில் ஊதுவார். அமெரிக்க ஆட்டத்திலோ பந்து இல்லாதவனையும் மறித்துத் தள்ளலாம். கவசம் ஒழுங்காக இல்லாத காலத்தில், 1905இல், அங்கே மாணவர்கள் பலர் ஆடுகளத்தில் அடிபட்டு இறந்தார்கள். அதன் பிறகுதான், 1906இல், ஆபத்தைக் குறைக்கப் பந்தை முன்னோக்கி எறிய அனுமதித்தார்கள். இதைப் படித்தபின் கோழை என்று சொல்ல எனக்கு வாய் வராது.

ஆனாலும் என் மனம் றக்பியிடம்தான். கையால் எறியும் பந்து பின்னால் போகவேண்டும், அணி முன்னால் போகவேண்டும்; அந்த முரணில்தான் அதன் அழகே இருக்கிறது. பனி இறங்கிய ஒரு மாலையில், இரு அணியினரும் குனிந்து தோளோடு தோள் முட்டித் தள்ளும் ஸ்கிரம் கலைந்தபோது முன்வரிசைப் பையன்களின் முதுகிலிருந்து ஆவி பறந்தது. ஒருவனின் காதுமடல் கசங்கிச் சிவந்திருந்தது. அவன் அதைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் அடுத்த பந்துக்கு ஓடினான். நான்கு முயற்சியில் பத்து யார் தூரம் முன்னேறவேண்டும், ஒவ்வொன்றுக்கும் இடையில் ஒரு நிறுத்தம் என்ற அமெரிக்க ஆட்டத்தில் அந்த ஓட்டம் கிடைக்காது.

எங்கள் தேயிலைத் தோட்டப் பாடசாலைகளுக்கும் ஒரு றக்பிப் பந்து வந்து சேரவேண்டும். கட்டுரையாளர் அடுத்து அதைப் பற்றி எழுதட்டும்.